இன்னும் இருக்கிறதா

மின்வெட்டு நின்றுபோன பிறகு
சாட்ஸ்வர்த்தில் வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் விலைக்கு வந்தது.
என்னுடையதும் ஒன்று.
கராஜில் நான் நடத்தும் சலூனில்
இரண்டு வருடம் ஹேர் டிரையருக்கு மூச்சுக் கொடுத்தது.
படம் எடுத்துப் போட்டேன், கீழே எழுதினேன்:
நாலாயிரத்து இருநூறு ரான்ட்.
சத்தம் போடும். பாதியில் நிற்காது.
கையில காசு, வாயில தோசை.

இன்னும் இருக்கிறதா என்று பதினோரு பேர் கேட்டார்கள்.
இருக்கிறது என்றதும் ஒன்பது பேர் மறைந்தார்கள்.
ஒருவர் எண்ணூறுக்குக் கேட்டார்.
இன்னொருவர் பதிலுக்கு இரண்டு நாய்க்குட்டி தருவதாகச் சொன்னார்,
தடுப்பூசி போட்டதாம்.

பன்னிரண்டாவதாக வந்தார் பிரென்டன்.
எண்ணெய்க் கப்பலில் வேலை,
கரைக்கு வர மூன்று வாரமாகும்,
டிரைவரை அனுப்புகிறேன் ஆன்டி,
பணம் இப்போதே போடுகிறேன், காட் பிளெஸ்.

பேரம் பேசவில்லை.
அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.
வெள்ளிக்கிழமைச் சந்தையில்
ஒரு கட்டுக் கொத்தமல்லியைக்கூட
சொன்ன விலைக்கு வாங்கிப் போனவரை
இந்த ஊரில் நான் கண்டதில்லை.

பத்து நிமிடத்தில் எஸ்.எம்.எஸ்.
பாங்க் பேசும் அதே வறட்டுக் குரல்.
என் பெயர், என் கணக்கின் கடைசி நான்கு எண்
(நான்தானே கொடுத்தேன்),
நாலாயிரத்து இருநூறு.
‘பெறப்பட்டது’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் மட்டும்
இரண்டு எழுத்து இடம் மாறி உட்கார்ந்திருந்தன.

கணக்கைத் திறந்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு ரான்ட் நாற்பது சென்ட்,
நேற்றுப் போலவே.

வேற பாங்க் ஆன்டி, ரெண்டு நாள் ஆகும்.
அப்போ ரெண்டு நாள் கழிச்சு டிரைவர் வரட்டும்.
அவன் உங்க கேட்டில நிக்கிறான்.

நின்றான்.
வெள்ளை கொரோலா, மடக்கிய பின்சீட், கையில் கயிறு.
உம்லாசியிலிருந்து. பெயர் ம்தோகோசிசி,
ம்தோ போதும் என்றான்.
கேட்டைத் திறக்காமல், கம்பி வழியே
கள்ளனைப் பார்க்கிற பார்வை பார்த்தேன்.
காசு வரலை என்றேன்.
எனக்கு வந்துடுச்சு என்று போனை நீட்டினான்.
வண்டி வாடகை, அறுநூற்று ஐம்பது.
அதே வறட்டுக் குரல். அதே சொல்.
அதே இரண்டு எழுத்து, இடம் மாறி.

இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தோம்.
ஒரே அச்சில் பிடித்த கொழுக்கட்டை.
அவன் தன் கணக்கைத் திறந்து பார்த்தான்.
பிறகு என்னைப் பார்க்கவில்லை.
கயிற்றைச் சுருட்டினான், அவசரமில்லாமல்,
முழங்கையில் சுற்றிச் சுற்றி.

போன் ஓயவில்லை.
ஏத்தியாச்சா? ஏன் லேட்? போலீஸுக்குப் போவேன்.
காட் பிளெஸ் நின்றுபோயிருந்தது.
கடைசியாக ஒரு வாய்ஸ் நோட்:
ஆள் கத்துகிறார், அவருக்குப் பின்னால்
நடுக்கடலில்
ஒரு சேவல் கூவுகிறது.

ம்தோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்.
அதற்குப் பிறகுதான் சொன்னான்,
வண்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது,
வருவதற்கு மட்டும் பெட்ரோல் போட்டேன்,
திரும்புவதற்கு அந்த அறுநூற்று ஐம்பதில்.

இவனும் கூட்டாளியாக இருந்தால்?
சாவியைத் திருப்பும்போது அந்த எண்ணம் விரலில் இருந்தது.
இப்போதும் முழுதாகப் போகவில்லை.
திருப்பினேன்.

தலை அலசும் ரப்பர் குழாயை எடுத்துவந்தேன்.
ஒரு முனை ஜெனரேட்டர் டாங்கில்,
மறு முனை அவன் வாயில்.
உறிஞ்சினான், துப்பினான்,
பழசு, ஆனா ஓடும் என்றான்.
ஐந்து லிட்டர் கேனில் கழுத்துக்குக் கொஞ்சம் கீழே.
வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.
மாசக் கடைசியில் தந்துடறேன் என்றான்.
கணக்கு எண் கேட்டான்.
கொடுக்கவில்லை.

வண்டி இரண்டு முறை இருமி
ஏற்றத்தில் ஏறி மறைந்தது.
கை கழுவியும் கழுவியும்
மறுநாள் முதல் வாடிக்கையாளர் கேட்டாள்,
இது என்ன ஷாம்பூ?

அதற்கு முன், அன்றிரவு ஒன்பதரைக்கு,
யாரோ ஒருவர்:
இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது.
டாங்க் மட்டும் காலி.